பழைய ஸ்போர்ட்ஸ் பைக் சஸ்பென்ஷன்: டெல்டா ரோட்டுக்கு ஏத்த மாதிரி சரி பண்றது எப்படி

கரிஸ்மா, பல்சர் 220, முதல் மாடல் ஆர்15, சிபிஆர் 250ஆர், இதுல ஏதோ ஒண்ணு வச்சிருக்கவன் எவனா இருந்தாலும் ஒரு நாள் வந்து கேப்பான், "ப்ரோ, பின்னாடி நல்ல ஷாக்கா ஒண்ணு வாங்கிப் போட்டா சரியாயிடும்ல?" ஆகாது. கரிஸ்மா வந்தது 2003ல, ஆர்15 வந்தது 2008ல, சிபிஆர் 2011ல. இவ்ளோ வருஷம் ஓடின வண்டில என்ஜின் ஆயில் கரெக்டா மாத்திருப்பான், செயின் ஸ்ப்ராக்கெட் மாத்திருப்பான், ஆனா ஃபோர்க்குல, அதாவது முன் சக்கரத்தப் புடிச்சிருக்கற ரெண்டு குழாய்ல, ஆயில்னு ஒண்ணு இருக்கறதே சீல் ஒழுகும்போதுதான் ஞாபகம் வரும். தேஞ்சு போன பொருளுக்குப் பக்கத்துல புதுப் பொருள மாட்டினா அந்தத் தேய்மானம் இன்னும் பளிச்சுனு தெரியும், அவ்ளோதான். அதனால முதல்ல ஒரிஜினல உயிரோட கொண்டு வரணும், அப்புறம் அளக்கணும், அப்புறம் செட் பண்ணணும், காசு செலவு பண்றது கடைசில.

அதுக்கும் முன்னாடி நம்ம ரோடு வண்டிய எப்படி அடிக்குதுன்னு பாத்துக்கங்க, ஏன்னா யூட்யூப்ல வெளிநாட்டுக்காரன் சொல்ற செட்டிங் எல்லாம் ரேஸ் ட்ராக்குக்கும் வழுவழு ரோட்டுக்கும். இங்க மண்ணு களிமண்ணு, மழைல ஊறி உப்பும், வெயில்ல வெடிச்சு சுருங்கும், ரோடு அதோட சேந்து எறங்கிடும். ஆனா வாய்க்கா மேல போட்ட கான்க்ரீட் மதகு எறங்காது, அது அப்படியே நிக்கும். திருவையாறுலேந்து கபிஸ்தலம், சுவாமிமலை வழியா கும்பகோணம் போயிப் பாருங்க, இல்ல மன்னார்குடிலேந்து திருத்துறைப்பூண்டி போற பக்கம் போங்க, வாய்க்கா வர்ற எடத்துல எல்லாம் ஒரு படிக்கட்டு மாதிரி ஏத்தம், தாண்டின உடனே எறக்கம். கூடவே பெயிண்ட் அடிக்காத வேகத்தடை. பள்ளத்த விட இந்த மாதிரி கூர்மையான எட்ஜ்தான் நமக்கு மெயின் எதிரி.

இதுல ஒரு விஷயம் புரிஞ்சா மீதி எல்லாம் சுலபம். பிரேக் புடிக்கும்போது முன்னாடி குனியுது பாருங்க, அப்ப ஃபோர்க் மெதுவா உள்ள போகுது. மதகு எட்ஜ்ல ஏறும்போது அதே ஃபோர்க் ஒரே நொடில படார்னு உள்ள போகுது. பழைய வண்டி ஃபோர்க்குல இருக்கறது டேம்பர் ராடு, அதாவது ஒரு குழாய், அதுல சில ஓட்டை, ஆயில் அந்த ஓட்டை வழியா போய் வரணும். மெதுவா போனா ஆயில் தாராளமா போயிடும், தடுப்பே இருக்காது, அதனால பிரேக் புடிச்சா மூக்கு குத்தும். படார்னு போனா அந்த ஓட்டை பத்தாது, ஆயில் அடைச்சுக்கும், அடி நேரா மணிக்கட்டுக்கு வரும். வேகம் ரெண்டு மடங்கானா தடுப்பு கிட்டத்தட்ட நாலு மடங்காகும். அதனாலதான் மூக்கு குத்துதேன்னு கெட்டி ஆயில் ஊத்தினவன் எல்லாம் பைபாஸ்ல சூப்பர்ங்கறான், ஊருக்குள்ள வந்தா கை வலிக்குதுங்கறான்.

சரி, வேலைக்கு வருவோம்.

காசில்லாத செக்கிங்லேந்து ஆரம்பிங்க. காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கும்போது காத்து பாருங்க, மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதான். பங்க்ல கண்ணால பாத்து அடிச்ச காத்த வச்சுகிட்டு சஸ்பென்ஷன் பத்திப் பேசறதுல அர்த்தமே இல்ல. அடுத்தது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பற பேரிங். என்ஜினுக்கு அடில முட்டுக் குடுத்து முன் சக்கரத்தத் தூக்கி, ஃபோர்க்கோட அடிப்பகுதிய ரெண்டு கையாலயும் புடிச்சு முன்னயும் பின்னயும் ஆட்டுங்க. லொடக்னு ஒரு ஆட்டம் தெரிஞ்சா லூஸு. அப்புறம் ஹேண்டில ஒரு விரலால இந்தக் கோடிலேந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாத் தள்ளுங்க, நடுவுல ஒரு எடத்துல சிக்கி நின்னா பால் ரேஸ்ல பள்ளம் விழுந்துடுச்சுன்னு அர்த்தம், டைட் பண்ணி பிரயோஜனம் இல்ல, செட்டா மாத்தணும். பின்னாடியும் அதே மாதிரி சக்கரத்தத் தூக்கி ஸ்விங் ஆர்ம, அதாவது பின் சக்கரத்தப் புடிச்சிருக்கற கைய, பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா புஷ்ஷோ பேரிங்கோ போயிருக்கு. ஆர்15, சிபிஆர் மாதிரி ஸ்விங் ஆர்மையும் ஷாக்கையும் இணைக்கற லிங்க் வச்ச, ஒரே ஒரு ஷாக் இருக்கற மோனோ ஷாக் வண்டின்னா சக்கரத்த மெதுவா மேல தூக்குங்க, ஷாக் அசையறதுக்கு முன்னாடியே கொஞ்சம் சும்மா ஏறுதுன்னா லிங்க் பேரிங் துரு புடிச்சு தேஞ்சுருக்கு. ஐப்பசி கார்த்திகைல தண்ணி நிக்கற ரோட்டுல வண்டி ஓட்டற நம்ம ஊர்ல இது ரொம்ப சகஜம்.

இனி ஃபோர்க் சர்வீஸ். இதத்தான் நான் நிதானமா சொல்லப் போறேன், ஏன்னா மொத்த வேலைல பாதி பலன் இதுலதான் இருக்கு.

ஃபோர்க்க கழட்டறதுக்கு முன்னாடியே மேல் டீ, அதாவது ஃபோர்க் பைப் ரெண்டையும் மேல சேத்துப் புடிக்கற கிளாம்ப், அதோட போல்ட்ட மட்டும் லூஸ் பண்ணிட்டு, ஃபோர்க் மூடிய அரைச் சுத்து லூஸ் பண்ணி வச்சுக்கங்க, கழட்டி வெளில எடுத்தப்புறம் அத புடிச்சுத் திருக முடியாது. மூடிய முழுசா எடுக்கும்போது மூஞ்சிய மேல வச்சுப் பாக்காதீங்க, உள்ள ஸ்பிரிங் அழுத்திகிட்டு இருக்கும், கடைசி மரைல தெறிச்சு வரும். உள்ள இருக்கற ஆயில ஒரு வெள்ள டப்பால ஊத்திப் பாருங்க. கருஞ்சாம்பல் கலர்ல, நாகப்பட்டினம் மீன் மார்க்கெட் வாடை அடிச்சா ஆச்சரியப்பட வேணாம், பழைய ஃபோர்க் ஆயில் அப்படித்தான் இருக்கும். மினுமினுன்னு பொடி மிதந்தா உள்ள புஷ் தேஞ்சு கரையுது, அதையும் சேத்து மாத்திடுங்க.

அடில இருக்கற ஆலன் போல்ட்ட கழட்டும்போது உள்ள டேம்பர் ராடும் சேந்து சுத்தும். அதுக்கு ஸ்பிரிங்க உள்ளயே விட்டு, மூடியப் போட்டு, ஃபோர்க்க அமுக்கிப் புடிச்சுகிட்டு இம்பாக்ட் ரெஞ்ச் வச்சா ஒரே அடில வந்துடும். அந்த போல்ட்டுக்கு அடில ஒரு காப்பர் வாஷர் இருக்கும், புதுசு போடுங்க, பழசயே போட்டுட்டு அப்புறம் ஒழுகுதுன்னு சீலத் திட்டக் கூடாது. ஆயில் சீல் எறக்கும்போது பைப்போட மேல் விளிம்புல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் கவர சுத்தி எண்ணெய் தடவி எறக்குங்க, இல்லன்னா விளிம்புல சீலோட உதடு கிழியும். ரெண்டு பக்கமும் சீல் ஒரே நேரத்துல மாத்தணும்.

நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் இருக்கறவங்க கவனிங்க. கடல் காத்து உப்பு ஃபோர்க் பைப் மேல சின்னச் சின்னப் புள்ளியா துரு வைக்கும், அதுவும் சீல் போய் வர்ற எடத்துல. நகத்த வச்சு மேலேந்து கீழ இழுத்துப் பாருங்க, நகம் தட்டுப்பட்டா அது புது சீலையும் சீக்கிரமே தின்னுடும். லேசான புள்ளின்னா 2000 நம்பர் எமரி பேப்பர்ல எண்ணெய் விட்டு அதோட கூர் முனைய மட்டும் தேச்சு எடுக்கலாம். நிறையன்னா பைப்ப மாத்துங்க, இல்ல ஹார்ட் குரோம் பண்ணி கிரைண்டிங் பண்ற எடத்துல குடுங்க. சில்வர் பெயிண்ட் அடிச்சு விக்கற பழைய பைப்ப மட்டும் வாங்காதீங்க.

ஆயில் ஊத்தறதுல மெக்கானிக் அளவு கப்ப வச்சு ஊத்திட்டு முடிச்சிடுவார். அளவ விட மட்டம்தான் முக்கியம். ஸ்பிரிங்க வெளில எடுத்துட்டு, ஆயில ஊத்தி, பைப்ப மேலயும் கீழயும் நிறைய தடவ இழுத்து காத்து எல்லாத்தையும் வெளியேத்திட்டு, பைப்ப முழுசா கீழ எறக்கி நேரா நிறுத்தி, மேல் விளிம்புலேந்து ஆயில் மட்டம் வரைக்கும் அளக்கணும். மெடிக்கல் ஷாப்ல பெரிய சிரிஞ்ச் ஒண்ணு வாங்கி, அதுல ஒரு டியூப் மாட்டி, மேனுவல்ல சொன்ன ஆழத்துல டியூப்ல ஒரு குறி போட்டுக்கங்க. கொஞ்சம் அதிகமாவே ஊத்திட்டு அந்தக் குறி வரைக்கும் டியூப விட்டு உறிஞ்சினா மட்டம் கரெக்டா நிக்கும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். மட்டத்த 10 மிமீ ஏத்தினா மேல இருக்கற காத்துக்கு எடம் கொறையும், அதனால ஃபோர்க் கடைசி வரைக்கும் போய் முட்டறது கொறையும், முதல் பாதி மென்மை அப்படியே இருக்கும். வேகத்தடைல டங்குனு முட்டுதுன்னா ஆயில கெட்டி பண்றதுக்கு முன்னாடி இதப் பண்ணிப் பாருங்க. ஒரு தடவைக்கு 10 மிமீக்கு மேல ஏத்தாதீங்க, ரொம்ப ஏத்தினா சீல் பிதுங்கும்.

ஆயில் கிரேடு மேனுவல்ல 10டபிள்யூன்னா அதுலயே இருங்க. இன்னொண்ணு, ஒரு கம்பெனி 10டபிள்யூவும் இன்னொரு கம்பெனி 10டபிள்யூவும் ஒண்ணு கெடையாது, கெட்டித்தனம் நல்லாவே மாறும், அதனால ஒரு பிராண்ட் புடிச்சா அதுலயே நில்லுங்க.

எல்லாம் மாட்டினப்புறம் ஆக்சில் நட்ட டைட் பண்ணிட்டு, ஆக்சில் பக்கத்துல இருக்கற பின்ச் போல்ட்ட லூஸா விட்டு, முன் பிரேக்கப் புடிச்சுகிட்டு வண்டிய நாலஞ்சு தடவ நல்லா அமுக்குங்க, ஃபோர்க் ரெண்டும் தானா நேர் கோட்டுக்கு வந்துடும், அப்புறம் பின்ச் போல்ட்ட டைட் பண்ணுங்க. இத நிறைய ஷாப்ல பண்ண மாட்டாங்க. ஃபோர்க் இறுக்கமா இருக்குன்னு சொல்ற பாதிப் பேர் வண்டில பிரச்சன இதான்னு நான் நெனைக்கிறேன்.

இப்ப சேக் அளக்கணும். வண்டி மேல நீங்க உக்காந்தா சஸ்பென்ஷன் எவ்ளோ எறங்குதுங்கறதுதான் சேக். ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் போட்டுகிட்டு, ரெண்டு பேர கூட வச்சுக்கங்க, ஒருத்தன் வண்டியப் புடிக்க, ஒருத்தன் டேப்பு புடிக்க. முன் சக்கரத்த தரைலேந்து தூக்கி, டஸ்ட் சீல் விளிம்புலேந்து, அதாவது ஆயில் சீலுக்கு மேல தூசி தடுக்கற ரப்பர்லேந்து, கீழ் டீ வரைக்கும் அளங்க. உதாரணத்துக்கு 130 மிமீன்னு வைங்க. அப்புறம் நீங்க ஏறி உக்காந்து கால் ரெண்டும் ஃபுட்ரெஸ்ட்ல வச்சுக்கங்க. ஒருத்தன் முன்பக்கத்த அமுக்கி மெதுவா விடட்டும், அப்ப அளந்தா 74. அதே ஆளு கொஞ்சம் தூக்கி மெதுவா விடட்டும், அப்ப 82. சராசரி 78, அப்ப சேக் 52. அந்த 74க்கும் 82க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் உள்ள இருக்கற உராய்வு. அது 10 மிமீயத் தாண்டினா புஷ்லயோ ஃபோர்க் நேர்லயோ கோளாறு, திரும்பப் பாக்கணும்.

மொத்த ஓட்டத்துல, அதாவது சஸ்பென்ஷன் போய் வர்ற முழு தூரத்துல, மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மியா சேக் இருந்தா ரோடுக்கு சரி. 130 மிமீ ஓடற ஃபோர்க்குன்னா 35லேந்து 40. நமக்கு 52 வருதே, என்ன பண்றது? 12 மிமீ ஸ்பேசர். ஹார்டுவேர் கடைல கெட்டியான பிவிசி பைப் வாங்கி, ஸ்பிரிங் மேல இருக்கற ஸ்பேசரோட நீளத்தவிட 12 மிமீ கூட வச்சு வெட்டி, ரெண்டு முனையும் ஒரே மட்டமா தேச்சு, மேலயும் கீழயும் ஸ்டீல் வாஷர் வச்சுப் போடுங்க, சேக் கிட்டத்தட்ட அந்த 12 கொறையும். ஸ்பேசர் போட்டா ஸ்பிரிங் கெட்டியாகாது, வண்டி நிக்கற உயரம்தான் மாறும். அதனால 15 மிமீக்கு மேல தேவைப்பட்டா ஸ்பிரிங்கே தளர்ந்துடுச்சு, இல்ல உங்க எடைக்கு அது பத்தல.

பின்னாடியும் அதே கணக்கு, ஆக்சில்லேந்து நேர் மேல சீட்டுக்கு அடில ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அளங்க. சிபிஆர் 250ஆர்ல பின் சக்கர ஓட்டம் 104 மிமீ, அப்ப 30 மிமீ பக்கம் வந்தா போதும். இங்க இன்னொரு அளவும் வேணும், ஆள் ஏறாம வண்டி மட்டும் எவ்ளோ எறங்குதுன்னு. அது 5லேந்து 10 மிமீ இருக்கணும். ஆள் ஏறினா 30 கரெக்டா வருது, ஆனா சும்மா நிக்கும்போது எறங்கவே மாட்டேங்குதுன்னா ஸ்பிரிங் உங்களுக்கு மெல்லிசு, பிரீலோட, அதாவது ஸ்பிரிங்க முன்கூட்டியே அழுத்தி வைக்கற அளவ, ஏத்தி சமாளிச்சுகிட்டு இருக்கீங்க. சும்மா நிக்கும்போதே 20 எறங்குதுன்னா ஸ்பிரிங் உங்களுக்குக் கெட்டி. புது ஷாக் ஆர்டர் பண்ணும்போது இந்த ரெண்டு நம்பரையும் எடையையும் சொன்னா விக்கறவனுக்கு வேற எதுவும் சொல்லத் தேவையில்ல. பிரீலோடு திருப்ப சி ஸ்பேனர் வேணும், உளிய வச்சு சுத்தியால அடிக்காதீங்க, அந்த படிக்கட்டு வளையம் உடைஞ்சா தனியா கெடைக்காது. பின்னாடி ஆளோ அரிசி மூட்டையோ ஏத்தினா ரெண்டு படி ஏத்துங்க, எறக்கினதும் மறக்காம பழைய எடத்துக்கு கொண்டு வாங்க.

இதெல்லாம் பண்ணி ஒரு மாசம் ஓட்டினப்புறமும் பத்தலன்னாதான் பர்ஸ எடுங்க. முதல் செலவு முன்னாடி, பின்னாடி இல்ல. உங்க எடைக்கு ஏத்த லீனியர் ஸ்பிரிங், அதாவது முழுக்க ஒரே கெட்டித்தனம் இருக்கற ஸ்பிரிங் போட்டா பிரேக் குனியறது நல்லா கொறையும், ஆயில கெட்டி பண்ண வேண்டியதே இருக்காது. அதுக்கு மேல போகணும்னா எமுலேட்டர்னு ஒரு வால்வு. ரேஸ் டெக் கம்பெனி இத கோல்ட் வால்வுன்னு விக்கறான், டேம்பர் ராடுக்கு மேல ஸ்பிரிங்குக்கு அடில உக்காரும். ராடுல கம்ப்ரெஷன் ஓட்டைய லேத்துல குடுத்துப் பெருசு பண்ணிட்டா ஆயில் தடுக்கற வேலைய இந்த வால்வு எடுத்துக்கும், மதகு எட்ஜ்ல படார்னு அடிக்கும்போது வால்வு தொறந்து ஆயில விட்டுடும். நம்ம ரோட்டுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு சாமான். ஆனா ஓட்டைய பெருசு பண்ணிட்டா பழைய நிலைக்குத் திரும்ப புது ராடுதான் வாங்கணும், அதனால யோசிச்சு எறங்குங்க.

பின்னாடி ஓலின்ஸ் போட்டா கெத்துதான், ஆனா ஷாக் வெல வண்டி வெலய நெருங்கும், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. தாய்லாந்து கம்பெனி ஒய்எஸ்எஸ் நம்ம மாதிரி ஆளுக்குப் போதும். சிபிஆர் 250ஆர் தாய்லாந்துலயும் செஞ்ச வண்டிங்கறதால அதுக்கு சாமான் தேடறது இன்னும் சுலபம். கரிஸ்மா, 220 மாதிரி ரெட்டை ஷாக் வண்டின்னா மேல் போல்ட் நடுவுலேந்து கீழ் போல்ட் நடு வரைக்கும் நீளத்த அளந்து, அதே நீளம் வாங்குங்க, ரெண்டையும் ஜோடியா மாத்துங்க. கேஸ் ஷாக்க லோக்கல் ஷாப்ல வெட்டி ஆயில் ஊத்தித் தரேம்பாங்க, வேணாம். உள்ள நைட்ரஜன் அழுத்தத்துல இருக்கு, வெல்டிங் சூடு பட்டா ஆளுக்கே ஆபத்து. கோல்டு கலர் யூஎஸ்டி ஃபோர்க்க, அதாவது தலைகீழா மாட்டற ஃபோர்க்க, வேற வண்டிலேந்து கொண்டு வந்து மாட்டறதையும் நான் சொல்ல மாட்டேன், வீல், பிரேக், டீ எல்லாம் மாத்தணும், மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவும் கம்பெனி அமைப்ப மாத்தறதுக்கு எதிராத்தான் இருக்கு, இன்சூரன்ஸ் கிளைம்ல வந்து நிக்கும்.

புது ஷாக்குல ரீபவுண்ட் குமிழ் இருக்கும், அமுங்கின ஷாக் திரும்பி நீள்ற வேகத்த மாத்தறது அது. வலது பக்கம் முழுசா மூடற வரைக்கும் திருப்புங்க, பலமா இல்ல, எத்தன கிளிக்னு எண்ணி பாதில வந்து நில்லுங்க, அத ஒரு நோட்டுல எழுதுங்க. டெஸ்ட்டுக்கு ரயில்வே கேட்டுக்கு முன்னாடி வரிசையா போட்டிருப்பாங்களே வெள்ளக் கோடு மேடு, அதவிட நல்ல எடம் கெடையாது. முதல் ரெண்டு கோடு மெத்துனு போயி அப்புறம் போகப் போக பின்பக்கம் கட்டை மாதிரி இறுகிச்சுன்னா, ஷாக் திரும்பி நீள நேரம் பத்தாம உள்ளயே மாட்டிக்குது, ரெண்டு கிளிக் லூஸ் பண்ணுங்க. கோடு தாண்டினப்புறமும் சீட்டு தூக்கி தூக்கிப் போட்டா ரெண்டு கிளிக் டைட். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, அதே ரோட்டுல அதே வேகத்துல திரும்ப ஓட்டிப் பாருங்க.

முன்னாடி ஓட்டம் எவ்ளோ பயன்படுதுன்னு பாக்க ஃபோர்க் பைப்ல டஸ்ட் சீலுக்கு மேல ஒரு கேபிள் டை கட்டிக்கங்க, சும்மா நகர்ற அளவுக்கு. தஞ்சாவூர் கும்பகோணம் ஒரு தடவ போயிட்டு வந்து அது எங்க நிக்குதுன்னு பாருங்க. கடைசி 10, 15 மிமீ மிச்சம் இருந்தா நல்ல செட்டிங். பாதிலயே நின்னுடுச்சுன்னா ரொம்ப இறுக்கமா வச்சிருக்கீங்க. டாப்புல போய் ஒட்டியிருந்தா மட்டத்த இன்னும் 5 மிமீ ஏத்துங்க.

வண்டி வளைவுல சோம்பேறித்தனமா திரும்புதுன்னா ஃபோர்க் பைப்ப மேல் டீக்கு மேல 5 மிமீ தூக்கலாம், ரெண்டு பக்கமும் அளந்து. அதுக்கு மேல வேண்டாம், முழுசா அமுங்கும்போது டயர் மட்கார்டுலயோ ஃபேரிங்லயோ ஒரசுதான்னு பாக்கணும், அதோட வேகத்துல ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். தை மாசம் ரோட்ட அடைச்சு நெல் காயப் போட்டு ஓரத்துல கல்லு வேற வச்சிருக்கும்போது வண்டி நேரா நிக்கறதுதான் முக்கியம், சட்டுனு மடங்கறது இல்ல.

செட் பண்ணினப்புறம் சீல் லேசா கசிஞ்சா உடனே மாத்த ஓடாதீங்க. டஸ்ட் சீல கீழ எறக்கி, பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ல ஒரு துண்டு கொக்கி மாதிரி வெட்டி, ஆயில் சீல் உதட்டுக்குள்ள விட்டு ஒரு சுத்து சுத்தினா உள்ள மாட்டின மண்ணு வெளில வந்துடும். நாத்து நட்ட வயல்லேந்து டிராக்டர் ரோட்டுல போடற சேறு காஞ்சு பைப்ல ஒட்டறதுதான் இதுக்குக் காரணம், பல நேரம் இதோட கசிவு நின்னுடும். வாட்டர் சர்வீஸ் விடும்போது அந்த பிரஷர் பைப்ப டஸ்ட் சீலுக்கும் பின்னாடி லிங்க்குக்கும் நேரா காட்டாதீங்கன்னு பையன்கிட்ட சொல்லிடுங்க. மழை சீசன் முடிஞ்சதும் லிங்க கழட்டி பழைய கிரீஸத் தொடச்சுட்டு வாட்டர் ப்ரூஃப் கிரீஸ் வைங்க, ஃபோர்க் ஆயில ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்க, வண்டி ஓடினாலும் ஓடாட்டியும்.